நட்சத்திரத்த அளக்குற கருவிய எத வச்சு அளக்குறது?

நம்ம பால்வெளி மண்டலத்தோட நட்டநடுவுல ஒரு பெரிய கருந்துளை இருக்கு, சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார்னு பேரு. அது நம்மகிட்ட இருந்து எவ்ளோ தூரம்னு கிராவிட்டிங்குற கருவிய வச்சு ஒரே குழு சொன்ன மூணு கணக்க பாருங்க. 2018ல 8122 பார்செக் (ஒரு பார்செக்னா சுமார் 3.26 ஒளியாண்டு). 2019ல 8178. 2021ல 8275. கடைசி ரெண்டுக்கும் நடுவுல மட்டும் 97 பார்செக் வித்தியாசம், ஒளியாண்டுல சொன்னா முந்நூறுக்கும் மேல. கருந்துளை எங்கயும் நகரல. 2019 கணக்குல அவங்களே போட்டிருந்த பிழை வரம்பு எவ்ளோன்னா 13 பார்செக் புள்ளியியல் பிழை (அளவுகள் முன்ன பின்ன சிதறுறதால வர்றது), 22 பார்செக் சிஸ்டமேட்டிக் பிழை (கருவியும் முறையும் ஒரே பக்கமா இழுக்குறதால வர்றது), அவ்ளோதான். அத ரெண்டையும் சேத்து பாத்தாக்கூட புது கணக்கு அந்த வரம்ப விட மூணு நாலு மடங்கு தள்ளி போய் நிக்குது.

தப்பு எங்க இருந்துச்சுன்னு அவங்களே தேடி கண்டுபிடிச்சு வெளிய சொன்னாங்க, அது என்னன்னு கடைசியில வர்றேன். அதுக்கு முன்னாடி கேலிப்ரேஷன்னா, அதாவது ஏற்கனவே தெரிஞ்ச ஒண்ண வச்சு கருவிய சரிபாக்குறதுன்னா, என்னன்னு பாக்கணும். ஏன்னா கருந்துளை செய்தி வரும்போது நாம எல்லாரும் படத்தையும் நம்பரையும் ஷேர் பண்றோம், அந்த நம்பருக்கு பின்னாடி ராத்திரி ராத்திரியா சம்பந்தமே இல்லாத சாதா நட்சத்திரங்கள பாத்துக்கிட்டு உக்காந்திருந்த வேலைய பத்தி யாரும் பேசுறதில்ல. எனக்கு அதுதான் இந்த துறையிலயே ரொம்ப பிடிச்ச பகுதி.

சரி, அடிப்படைக்கு வருவோம். ஒரு டெலஸ்கோப் எவ்ளோ நுணுக்கமா பாக்கும்ங்கிறத அதோட கண்ணாடி அகலம்தான் முடிவு பண்ணும். சிலி நாட்டுல அட்டகாமா பாலைவனத்துல பரனால்னு ஒரு மலை, 2635 மீட்டர் உயரம், அங்க ஐரோப்பிய தெற்கு வானாய்வகத்தோட நாலு பெரிய டெலஸ்கோப் இருக்கு, ஒவ்வொண்ணும் 8.2 மீட்டர் கண்ணாடி. 2.2 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அகச்சிவப்பு ஒளியில ஒரு டெலஸ்கோப் தனியா பாத்தா சுமார் 55 மில்லி ஆர்க்செகண்ட் வரைக்கும்தான் பிரிச்சு காட்டும். ஆர்க்செகண்ட்னா ஒரு டிகிரி கோணத்துல 3600ல ஒரு பங்கு, மில்லி ஆர்க்செகண்ட் அதுலயும் ஆயிரத்துல ஒரு பங்கு. நாலையும் சேத்து, 130 மீட்டர் தள்ளி இருக்குற ரெண்டு கண்ணாடியில விழுற ஒளிய சுரங்கப்பாதை வழியா கொண்டுவந்து ஒண்ணா கலந்தா, மூன்றரை மில்லி ஆர்க்செகண்ட் வரைக்கும் போலாம். இதுதான் ஆப்டிகல் இன்டர்ஃபெரோமீட்டர், தமிழ் பாடப்புத்தகத்துல குறுக்கீட்டுமானின்னு வரும். மொதல்ல சொன்ன கிராவிட்டி இங்க இந்த ஒளிய கலக்குற கருவிதான்.

ரெண்டு ஒளியும் கலக்குற இடத்துல வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டுன்னு பட்டைகள் வரும், பள்ளிக்கூடத்துல யங் இரட்டைப் பிளவு சோதனையில படிச்சமே அதே விஷயம். நட்சத்திரம் வெறும் புள்ளி மாதிரி சின்னதா இருந்தா இருட்டுப் பட்டை முழு இருட்டா இருக்கும், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது கான்ட்ராஸ்ட், 1. நட்சத்திரம் கொஞ்சம் பெருசா இருந்தா அதோட இடது ஓரத்துல இருந்து வர்ற ஒளி போடுற பட்டையும் வலது ஓரத்துல இருந்து வர்றது போடுற பட்டையும் லேசா விலகி ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து இருட்டை நிரப்பிடும், கான்ட்ராஸ்ட் குறையும். எவ்ளோ குறையுதுன்னு பாத்து நட்சத்திரத்தோட கோண விட்டத்த, அதாவது வானத்துல அது எவ்ளோ அகலமா தெரியுதுங்கிறத, கணக்கு போட்டுடலாம். கேக்க ரொம்ப சிம்பிளா இருக்கு.

சிக்கல் என்னன்னா கான்ட்ராஸ்ட்ட குறைக்கிறது நட்சத்திரத்தோட சைஸ் மட்டும் இல்ல. காத்து மண்டலம் சில மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ மாறிக்கிட்டே இருக்கு, அதனால பட்டை ஆடும், ஆடுற பட்டைய கேமரா பிடிக்கும்போது கலங்கலா விழும். டெலஸ்கோப்ல இருக்குற கூலிங் கருவிகளோட அதிர்வு கண்ணாடி வரைக்கும் வரும். ரெண்டு டெலஸ்கோப்ல இருந்தும் சம அளவு ஒளி வராது. வழியில வரிசையா இருக்குற கண்ணாடிகள்ல பட்டு பட்டு ஒளியோட போலரைசேஷன், அதாவது ஒளியலை ஆடுற திசை, மாறும். இதுல எதுவுமே கான்ட்ராஸ்ட்ட கூட்டாது, எல்லாமே குறைக்கத்தான் செய்யும். கான்ட்ராஸ்ட் குறைஞ்சா என்ன அர்த்தம்? நட்சத்திரம் பெருசுன்னு அர்த்தம். ஆக கருவிய அப்படியே நம்புனா அது எல்லா நட்சத்திரத்தையும் நிஜத்த விட பெருசாவே காட்டிக்கிட்டு இருக்கும், எத்தன தடவ அளந்தாலும் ஒரே பக்கமா தப்பு போகும். சராசரி எடுத்து இத சரிபண்ண முடியாது.

இத நல்லா புரிஞ்சு வச்சிருந்தவங்க நூறு வருஷத்துக்கு முன்னாடியே இருந்தாங்க. 1920 டிசம்பர் 13, கலிஃபோர்னியாவுல மவுண்ட் வில்சன் மலை. அங்க இருந்த 100 அங்குல ஹூக்கர் டெலஸ்கோப்போட முகப்புல 20 அடி நீளத்துக்கு ஒரு இரும்பு உத்தரத்த குறுக்க மாட்டி, அதுல நகர்த்தக்கூடிய ரெண்டு கண்ணாடிய வச்சிருந்தாங்க. யோசனை இயற்பியலாளர் மைக்கல்சனோடது, அன்னிக்கு ராத்திரி கண்ண வச்சு பாத்தது பீஸ், ஆண்டர்சன்னு ரெண்டு வானியலாளர்கள். இலக்கு பெட்டல்ஜியூஸ், நம்ம ஊர்ல திருவாதிரைன்னு சொல்ற அதே சிவப்பு நட்சத்திரம். கண்ணாடி ரெண்டுக்கும் இடைவெளி 121 அங்குலம், மூணு மீட்டருக்கு கொஞ்சம் கூட. அந்த இடைவெளியில பட்டையே தெரியல. பட்டை மறைஞ்சிடுச்சுன்னா நட்சத்திரத்தோட விட்டம் கெடைச்சிடுச்சு, கணக்குப்படி 0.047 ஆர்க்செகண்ட், சூரியன தவிர வேற ஒரு நட்சத்திரத்தோட விட்டத்த மனுஷன் அளந்தது அதுதான் மொத தடவ.

இப்ப கொஞ்சம் நிதானமா யோசிங்க, "பட்டை தெரியல" அப்டிங்கிறதுதான் அவங்க கண்டுபிடிப்பே. ஒண்ணு தெரியலன்னா அதுக்கு நட்சத்திரம் காரணமா இருக்கலாம், கண்ணாடி லேசா கோணிக்கிச்சுன்னாலும் தெரியாது, ரெண்டு பாதையோட நீளம் சில மைக்ரான் தப்பினாலும் தெரியாது. அதனால பீஸ் என்ன பண்ணாருன்னா, பெட்டல்ஜியூஸுக்கு திரும்புறதுக்கு முன்னாடி அல்கால் நட்சத்திரத்தையும், ஓரியன் கூட்டத்துல பெட்டல்ஜியூஸுக்கு எதிர்த் தோள்ல இருக்குற பெல்லாட்ரிக்ஸையும் பாத்தாங்க, ரெண்டுலயும் பட்டை தெரிஞ்சுது, கருவி சரியா இருக்கு. அப்புறம் பெட்டல்ஜியூஸ், பட்டை இல்ல. அங்கயே நிறுத்தல. உடனே புரோசியான் பக்கம் திருப்புனாங்க, பட்டை டக்குன்னு வந்துடுச்சு. முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணுன்னு சாட்சி வச்சு நடுவுல இலக்க நிறுத்துனதாலதான் அந்த 0.047ஐ உலகம் ஏத்துக்கிச்சு.

இன்னிக்கு பரனால்ல பண்றதும் அச்சு அசலா இதேதான். கேல், சை, கேல்னு சொல்லுவாங்க, அதாவது மொதல்ல கேலிப்ரேட்டர் நட்சத்திரம், அப்புறம் ஆராய்ச்சிக்கான நட்சத்திரம், திரும்ப கேலிப்ரேட்டர். வித்தியாசம் என்னன்னா பீஸுக்கு "தெரியுது, தெரியல" போதுமா இருந்துச்சு, இப்ப நமக்கு நம்பர் வேணும். ஒரு உதாரண கணக்கு போட்டு காட்டுறேன். 130 மீட்டர் இடைவெளி, 2.2 மைக்ரான் ஒளி. கேலிப்ரேட்டரோட விட்டம் 0.5 மில்லி ஆர்க்செகண்ட்னு நமக்கு ஏற்கனவே தெரியும்னு வைங்க, அப்ப கான்ட்ராஸ்ட் 0.975 வரணும். கருவியில அளந்தா 0.60தான் வருது. 0.60ஐ 0.975ஆல வகுத்தா 0.615, அதாவது இன்னிக்கு இந்த நேரத்துல கருவியும் காத்தும் சேந்து நூத்துக்கு அறுபத்தொண்ணரைதான் உள்ள விடுது. இதுக்கு டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன்னு பேரு. இப்ப நம்ம இலக்கு நட்சத்திரத்துல 0.42 வந்துச்சு, அத 0.615ஆல வகுத்தா 0.68. இந்த 0.68ஐ வச்சு விட்டம் பாத்தா சுமார் 1.9 மில்லி ஆர்க்செகண்ட். கேலிப்ரேஷன் பண்ணாம 0.42ஐயே நம்பி கணக்கு போட்டிருந்தா 2.7 வந்திருக்கும். நாப்பது சதவீதம் பெருசு. அத வச்சு நட்சத்திரத்தோட வெப்பநிலை, வயசுன்னு அடுத்தடுத்து போடுற கணக்கெல்லாம் சரிஞ்சிடும்.

இந்த 0.615 நிலையா நிக்காது, காத்து மாறுனா அதுவும் மாறும், அதனாலதான் முன்னாடியும் பின்னாடியும் பாத்து நடுவுல எவ்ளோ இருந்திருக்கும்னு இழுத்து பிடிக்கிறாங்க. ராத்திரியில கிட்டத்தட்ட பாதி நேரம் இதுக்கே போயிடும். டெலஸ்கோப் நேரம் கெடைக்கிறதே கஷ்டம், அதுல பாதிய தெரிஞ்ச நட்சத்திரத்த பாக்கவே செலவு பண்றாங்கன்னா அது எவ்ளோ அவசியமா இருக்கணும்னு பாத்துக்கங்க.

கேலிப்ரேட்டர எப்டி தேர்ந்தெடுக்கிறாங்கங்கிறது தனி கலை. வானத்துல இலக்குக்கு பக்கத்துல இருக்கணும், அப்பதான் ஒரே மாதிரி காத்து வழியா ஒளி வரும். பிரகாசம் ஒத்துப்போகணும், ஏன்னா பட்டைய ஆடாம பிடிச்சு வைக்கிற ஃப்ரிஞ்ச் டிராக்கர் மங்கலான நட்சத்திரத்துல ஒரு மாதிரியும் பளிச்சுன்னு இருக்கறதுல ஒரு மாதிரியும் வேல செய்யும். நிறம் ஒத்துப்போனா நல்லது. ஜோடி இல்லாத ஒத்த நட்சத்திரமா இருக்கணும். எல்லாத்துக்கும் மேல சின்னதா இருக்கணும், இதுக்கு காரணம் அழகானது. 0.5 மில்லி ஆர்க்செகண்ட்னு நாம நம்புற நட்சத்திரம் நிஜத்துல பத்து சதவீதம் பெருசுன்னு வைங்க, வர வேண்டிய கான்ட்ராஸ்ட் 0.975ல இருந்து 0.970க்கு போகும், அரை சதவீத தப்பு, தாங்கிக்கலாம். அதே பத்து சதவீத தப்பு 2 மில்லி ஆர்க்செகண்ட் நட்சத்திரத்துல நடந்தா 0.646 இருக்க வேண்டியது 0.584 ஆயிடும், கிட்டத்தட்ட பத்து சதவீத தப்பு அப்படியே நம்ம ரிசல்ட்டுல வந்து உக்காரும். சின்ன நட்சத்திரத்த பத்தி நமக்கு சரியா தெரியலன்னாலும் அது நம்மள பெருசா ஏமாத்தாது.

அப்ப கேலிப்ரேட்டரோட விட்டம் மட்டும் எப்டி தெரியும்? மளிகைக்கடை தராசுல எடைக்கல் சரியான்னு பாக்க இன்னொரு முத்திரை குத்துன கல் வேணும், அந்த கல்லுக்கு இன்னொரு கல், அந்த மாதிரிதான் இதுவும். நட்சத்திரத்தோட நிறத்த வச்சு அதோட மேற்பரப்புல ஒரு சதுர அடிக்கு எவ்ளோ ஒளி வருதுன்னு சொல்லலாம், மொத்த பிரகாசத்த அதால வகுத்தா விட்டம் கெடைக்கும். இந்த முறையில பிரான்ஸ்ல இருக்குற ழான் மாரி மரியோட்டி மையம் நாலு லட்சத்துக்கும் மேல நட்சத்திரங்களோட விட்டத்த கணக்கு போட்டு பட்டியலா வச்சிருக்கு, பரனாலுக்கு திட்டம் போடுறவங்க நெறைய பேர் அதுலதான் தேடுவாங்க. நிறத்துக்கும் மேற்பரப்பு ஒளிக்கும் இருக்குற அந்த உறவே ஏற்கனவே இன்டர்ஃபெரோமீட்டர்ல அளந்த நட்சத்திரங்கள வச்சு போட்டதுதான். அந்த சங்கிலியோட ஆரம்ப கண்ணிகள்ல ஒண்ணு ஆஸ்திரேலியாவுல நராப்ரியில ஹன்பரி பிரவுன் குழு 1960கள்லயும் 70களோட தொடக்கத்துலயும் அளந்த 32 நட்சத்திரம். அவங்க கருவி பட்டைய பாக்கல, ஒளியோட ஏற்ற இறக்கத்த ஒப்பிட்டுச்சு, அதனால காத்து மண்டல ஆட்டம் அத கிட்டத்தட்ட தொடவே இல்ல. வேற வழியில வந்த அளவு இருந்ததால இந்த சங்கிலி தன்னையே சுத்தி வராம ஒரு எடத்துல ஊணி நின்னுச்சு.

இருந்தாலும் ஏமாத்தம் வரும். கேலிப்ரேட்டர்னு நம்பி வச்சிருந்த நட்சத்திரம் ஜோடியா இருந்து அது லேட்டா தெரிய வர்றது சகஜம், அதனால கெட்ட கேலிப்ரேட்டர் பட்டியல்னே ஒண்ணு தனியா பராமரிக்கிறாங்க. உருண்டையா இருக்கும்னு நம்புறதும் ஆபத்து. திருவோணம்னு நாம சொல்ற ஆல்டேர 2001ல கலிஃபோர்னியாவுல பலோமார் வானாய்வகத்துல அளந்தப்போ அது படுவேகமா சுத்துறதால நடுவுல பிதுங்கி, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்த விட 14 சதவீதம் நீளமா இருந்துச்சு. அதவிட பெரிய அதிர்ச்சி வேகா, நம்ம பஞ்சாங்கத்து அபிஜித். வானியல்ல நட்சத்திர பிரகாசத்துக்கு பூஜ்ஜிய குறியா பல காலம் வச்சிருந்ததே அதத்தான். 2006ல சாரா இன்டர்ஃபெரோமீட்டர், அதுவும் பெட்டல்ஜியூஸ அளந்த அதே மவுண்ட் வில்சன் மலையில இருக்கறதுதான், வேகாவ பாத்து அது அசுர வேகத்துல சுத்திக்கிட்டு இருக்குன்னும் அதோட துருவம் நேரா நம்ம பக்கம் திரும்பி இருக்குன்னும் காட்டுச்சு. துருவம் கொதிக்குது, நடுப்பகுதி அதவிட ஆயிரம் டிகிரிக்கு மேல குளிர்ச்சி. மேல இருந்து பாக்கறதால வட்டமா, அமைதியா தெரிஞ்சிருக்கு. எல்லாத்தையும் எத வச்சு அளந்தமோ அதுவே நாம நெனச்ச நட்சத்திரம் இல்ல.

இதுவரைக்கும் பேசுனது கான்ட்ராஸ்ட். பட்டை எந்த எடத்துல விழுதுங்கிறதுக்கு ஃபேஸ்னு பேரு, இடத்த துல்லியமா அளக்க அதுதான் வேணும், காத்து மண்டலம் அத மொத்தமா கொழப்பி விட்டுடும். மூணு டெலஸ்கோப் இருந்தா ஒரு தந்திரம் இருக்கு, மூணு ஜோடியோட ஃபேஸையும் முக்கோணமா சுத்தி கூட்டுனா ஒவ்வொரு டெலஸ்கோப்புக்கும் மேல இருக்குற காத்தோட தப்பு ஒரு தடவ கூட்டலாவும் ஒரு தடவ கழித்தலாவும் வந்து அடிச்சிக்கிட்டு போயிடும். குளோஷர் ஃபேஸ்னு சொல்லுவாங்க, 1950கள்ல ரேடியோ வானியல்ல இருந்து வந்த யோசனை. உருவம் பாக்க இது அருமையான வழி, ஆனா வானத்துல இது இங்க இருக்குன்னு இடத்த மட்டும் சொல்லாது.

இடத்த சொல்லணும்னா பக்கத்துல இருக்குற இன்னொரு நட்சத்திரத்த குறியா வச்சு ரெண்டுக்கும் நடுவுல ஒளிப்பாதை எவ்ளோ வித்தியாசம்னு அளக்கணும். கிராவிட்டியோட இலக்கு 10 மைக்ரோ ஆர்க்செகண்ட் அளவு, மைக்ரோன்னா மில்லியிலயும் ஆயிரத்துல ஒரு பங்கு. நூறு மீட்டர் இடைவெளியில இது 5 நானோமீட்டர் பாதை வித்தியாசம். நூறு மீட்டர்ல அஞ்சு நானோமீட்டர்! இத பிடிக்க கருவிக்குள்ள இருந்து ஒரு லேசர் ஒளி நட்சத்திர ஒளிக்கு எதிர் திசையில கெளம்பி டெலஸ்கோப் வரைக்கும் போகும், அங்க இருக்குற சென்சார் அத படிக்கும். ரெண்டு நட்சத்திரமும் ஒரு ஆர்க்செகண்ட் தள்ளி இருந்தா டெலஸ்கோப் ரெண்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் துல்லியத்துக்கு தெரிஞ்சா போதும், அதனாலதான் பக்கத்து நட்சத்திரத்த குறியா வைக்கிறாங்க. அந்த இடைவெளிய டேப் வச்சு அளக்க மாட்டாங்க, வானம் முழுக்க பரவலா பல நட்சத்திரங்கள பாத்து பட்டை எந்தெந்த பாதை நீளத்துல கெடைக்குதுன்னு குறிச்சு அதுல இருந்து திருப்பி கணக்கு போடுவாங்க. அலைநீளமும் முக்கியம், கோணமே அலைநீளத்த இடைவெளியால வகுத்து வர்றதுதான், அதுல ஆயிரத்துல ஒரு பங்கு தப்புனா வானத்துல அளக்குற எல்லாமே அதே ஆயிரத்துல ஒரு பங்கு தப்பும். அதுக்கு ஆர்கான் விளக்கு இருக்கு, அதோட கோடுகளோட அலைநீளம் ஆய்வகத்துல உறுதியா தெரிஞ்சது.

இப்ப கருந்துளைக்கு வருவோம். அந்த தூரத்த எப்டி எடுத்தாங்கன்னா எஸ்2ன்னு ஒரு நட்சத்திரம் 16 வருஷத்துக்கு ஒரு தடவ அந்த கருந்துளைய சுத்தி வருது, 2018 மே மாசம் அதுக்கு ரொம்ப பக்கத்துல போயிட்டு வந்துச்சு. சுற்றுப்பாதை வானத்துல எத்தன மில்லி ஆர்க்செகண்ட்னு கிராவிட்டி சொல்லும், நட்சத்திரம் நம்ம பக்கம் நொடிக்கு எத்தன கிலோமீட்டர் வேகத்துல வருது போகுதுன்னு நிறமாலை சொல்லும், ஒண்ணு கோணம் ஒண்ணு நிஜ வேகம், ரெண்டையும் பொருத்துனா தூரம் விழும். ஆக கோணத்துல துளி தப்பு வந்தாலும் அது அப்படியே தூரத்துல போய் சேரும்.

கிராவிட்டியில ஒவ்வொரு டெலஸ்கோப்போட ஒளியும் மயிரிழை மாதிரி சன்னமான ஃபைபருக்குள்ள போகும். ஃபைபர் வச்சதே கேலிப்ரேஷனுக்காகத்தான், காத்து கலைச்சு விட்ட ஒளியலைய அது வடிகட்டி சீராக்கிடும். 2017லயும் 2018லயும் எஸ்2வும் கருந்துளையும் அவ்ளோ பக்கத்துல இருந்ததால ரெண்டு ஒளியும் ஒரே ஃபைபருக்குள்ளயே விழுந்துச்சு, ரொம்ப வசதி, ஒரே பார்வையில ரெண்டும் கெடைச்சிடுது. ஆனா ஃபைபரோட நட்டநடுவுல விழுற ஒளிக்கும் கொஞ்சம் ஓரமா விழுற ஒளிக்கும் கண்ணாடிகள்ல இருக்குற சின்ன சின்ன குறைகளால ஃபேஸ் ஒரே மாதிரி இருக்கல. நடுவுல ஒண்ணு ஓரத்துல ஒண்ணுன்னா ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரம் லேசா தப்பா வரும். அந்த தப்பு அரை மில்லி ஆர்க்செகண்டுக்கும் கம்மிதான், பத்து மைக்ரோ ஆர்க்செகண்ட் குறி வச்சிருக்குற கருவிக்கு அது மலை.

இது எப்டி மாட்டுச்சுன்னா 2019, 2020ல எஸ்2 தள்ளி போயிடுச்சு, ஒரே ஃபைபர்ல அடங்கல, அதனால எஸ்2வையும் கருந்துளையையும் தனித்தனியா ஃபைபரோட நடுவுல வச்சு பாக்க வேண்டியதா போச்சு. அப்டி பாத்த அளவும் பழைய அளவும் ஒத்துப்போகல. கேல், சை, கேல்னு பாத்து இத பிடிச்சிருக்க முடியாது, ஏன்னா கேலிப்ரேட்டர் எப்பவும் ஃபைபரோட நடுவுலதான் விழும், நடுவுல தப்பே இல்லையே. அவங்க டெலஸ்கோப்புல இருந்து டிடெக்டர் வரைக்கும் வழியில இருக்குற ஒவ்வொரு குறையும் பட்டைய எப்டி நகர்த்தும்னு ஒரு மாடல் போட்டு, அத ஒரு இரட்டை நட்சத்திரத்த அளந்த அளவோட ஒப்பிட்டு சரியா வருதான்னு பாத்து, அப்புறம் 2017, 2018 அளவுகள்ல இருந்து அந்த தப்ப கழிச்சாங்க. கழிச்சதும் ரெண்டு காலத்து அளவும் ஒண்ணா வந்து உக்காந்துச்சு, தூரம் 8275 பார்செக், 9 புள்ளியியல் பிழை, 33 சிஸ்டமேட்டிக் பிழை. பாருங்க, அளவு இன்னும் நல்லா ஆன பிறகும் சிஸ்டமேட்டிக் பிழைய 22ல இருந்து 33ஆ கூட்டி போட்டிருக்காங்க. அந்த 33ங்கிற நம்பர் மேல எனக்கு தனி மரியாதை இருக்கு.

எஸ்2 திரும்பவும் 2034ல கருந்துளைக்கு பக்கத்துல வரும். அப்ப ரெண்டும் மறுபடி ஒரே ஃபைபருக்குள்ள வந்து விழும், ஒண்ணு நடுவுல, ஒண்ணு ஓரமா.